மேட்டுப் பீலியில் நான் கட்டிய மஞ்சள் துணி

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அரை மணி நேரம் மலை ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நான் பிறந்து வளர்ந்த தோட்டம்தான். காலம் போனால் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. பாதிக் கோபம் மற்றவர்கள் மேல், மீதிப் பாதி என் மேல். எந்தப் பாதி பெரியது என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது.

அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டே ஓய்வு பெற்றவர். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரே லயத்து வீட்டில்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று. அந்த வீட்டிலிருந்து படித்து, கேம்பஸ் போய், இரசாயனப் பொறியியலில் பட்டம் வாங்கினேன். தோட்டத்தில் முதல் ஆள் என்று கோயிலில் மாலை எல்லாம் போட்டார்கள். என்ன படிப்பு என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. கெமிக்கல் என்றால் எங்கள் ஊரில் புல்லுக்கு அடிக்கிற மருந்து. அதற்கு எதற்கு நாலு வருடம், எங்கள் வீட்டுக்காரர் நாலே நாளில் பழகிவிட்டாரே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

பட்டத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. முதுமாணிப் பட்டம் படிக்க ஆசைப்பட்டேன். அதற்கு என்னென்ன தேவை என்று ஒரு நீளமான பட்டியல் கொடுத்தார்கள். இத்தனை பாடங்களில் சித்தியடைய வேண்டும். ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவின் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முன்னேற்ற அறிக்கை. பிறகு ஆய்வேடு, வாய்மொழிப் பரீட்சை. இதெல்லாம் பதிவுக் காலத்துக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் பட்டம் இல்லை. பாடங்களை எல்லாம் முதல் வருடத்திலேயே முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஆய்வு மட்டும்.

ஆய்வுக்கு நான் எடுத்தது எங்கள் தோட்டத்துத் தண்ணீர். மலையில் ஊறி வரும் தண்ணீரைக் குழாய் வைத்தோ மூங்கிலைப் பிளந்து வைத்தோ விழ விடுவார்களே, அதைத்தான் நாங்கள் பீலி என்போம். குடிப்பதும் அதில், குளிப்பதும் அதில். தேயிலைக்குப் போடுகிற உரம் மழையில் கரைந்து, மண்ணுக்குள் இறங்கி, நைட்ரேட்டாகப் பீலித் தண்ணீரில் வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. தொழிற்சாலையில் வீணாகப் போகிற கழிவுத் தேயிலையைக் கரியாக்கி, அதில் ஒரு வடிகட்டி செய்வது இரண்டாவது வேலை. என் மேற்பார்வையாளரான பேராசிரியருக்குத் திட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. குழுவும் ஒப்புக்கொண்டு, இரண்டு நிபந்தனை போட்டது. வடிகட்டியைத் தொடுவதற்கு முன் பன்னிரண்டு மாதம் விடாமல், அதே இடங்களில், மாதம் ஒரு தடவை தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

அனுமதிக் கடிதத்தைத் தோட்டத்து ஆபீஸில் கொடுத்தார்கள். ஆய்வேடு முடியும்வரை சோதனை முடிவுகளை நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியார் என்றால் பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் வெளியார்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

தேயிலை மலைக்குக் கீழே வருகிற நாலு பீலிகளைத் தேர்ந்தெடுத்தேன். அதில் பெரியது மேட்டுப் பீலி, எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருப்பது. பாறைப் பீலி என்று இன்னொன்று உண்டு. அதன் தண்ணீர் காட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது, மேலே தேயிலை கிடையாது. அதனால் அதை ஆய்வில் சேர்க்கவில்லை. சந்தேகப்பட்ட பீலிகள் மட்டும்தான் என் கணக்கில் இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில்தான் எடுத்தேன் என்பதற்கு அடையாளம் வேண்டும், படமும் வேண்டும். முதல் மாதம் சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டினேன். மூன்றாம் நாள் அது ஒரு பட்டத்துக்கு வாலாக வானத்தில் பறந்தது. இரண்டாம் மாதம் கம்பி வைத்து ஒரு தகடு கட்டினேன். கம்பியும் போனது, தகடும் போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மஞ்சளில் தோய்த்த துணியை எங்கள் பக்கம் எங்கே கட்டினாலும் அது நேர்த்தி, காப்பு. அதை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்த்தால் தோஷம் என்று குறும்புக்காரப் பிள்ளைகள்கூடத் தொடாது. வெள்ளைத் துணியைக் கிழித்து, அம்மாவின் மஞ்சள் டப்பாவைக் காலி பண்ணி, நாலு பீலியிலும் கட்டினேன். அதோடு பிரச்சினை தீர்ந்தது. துணி அசையவே இல்லை. முன்னேற்ற அறிக்கையில் இதையும் எழுதினேன். உள்ளூர் வழக்கத்தைப் புரிந்து செய்திருக்கிறாய், வெளியிலிருந்து வருகிறவருக்கு இது தோன்றாது என்று பேராசிரியர் பாராட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்தது ஊருக்கே.

மாதாமாதம் போத்தல்களை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் பதுளைக்கு, அங்கிருந்து ரயிலில் கேம்பஸுக்குக் கொண்டுபோனேன். நடுவில் ஆய்வுகூடத்து மெஷின் பழுதாகி, உதிரிப் பாகத்துக்காக மாதக்கணக்கில் நின்றுவிட்டது. போத்தல்களை உறைய வைத்துக் காத்திருந்தோம். ஏழாம் மாதம்தான் எல்லாம் ஒன்றாகச் சோதித்து முடிவு வந்தது. மற்ற மூன்று பீலிகளில் பெரிய மோசம் இல்லை. மேட்டுப் பீலி கைக்குழந்தைகளுக்கு ஆகாது. பெரியவர்கள் உடம்பு ஓரளவு சமாளிக்கும். ஆனால் புட்டிப்பால் குடிக்கிற பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போகலாம், உதடும் நகமும் நீலமாகலாம். இது நான் பாடத்தில் படித்தது. பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, நிதானமாகத்தான் பேசினார். முடிவை இப்போது வெளியே சொன்னால் தோட்டம் அனுமதியை நிறுத்தும். பன்னிரண்டு மாதத் தொடர் அறுந்துபோகும். முதலிலிருந்து தொடங்கப் பதிவுக் காலம் போதாது. இன்னும் ஐந்து மாதம்தானே, பிறகு உன் வடிகட்டியே அவர்களுக்குக் கிடைக்கும், அவசரப்பட்டால் உனக்குப் பட்டமும் இல்லை, அவர்களுக்கு வடிகட்டியும் இல்லை என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பெரிய தவறுகள் எல்லாம் கேட்கும்போது நியாயமாகவே இருக்கின்றன என்பதை நான் பிறகுதான் கற்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வீட்டில் இனி மேட்டுப் பீலித் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றேன். பாறைப் பீலி தூரம், ஏன் என்று அம்மா கேட்டார். சொன்னால் கேளுங்கள் என்று எரிந்து விழுந்தேன். படித்த பிள்ளை சொல்கிறது என்று அவரும் முழங்கால் வலியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பாறைப் பீலிக்கு நடக்கத் தொடங்கினார். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் காட்டுத் தண்ணீர் குடித்தன. லயத்தில் மற்ற எல்லோரும் மேட்டுப் பீலியில் பிடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.

ஏழு வாரம் போனது. ஒன்பதாவது தடவை தண்ணீர் எடுக்கும் நாள். கச்சான் காற்று அடிக்கும் காலம், பாதை எல்லாம் தூசி. காலை ஒன்பது மணிக்கு நாலாவது போத்தலையும் நிரப்பி மூடினேன். மேட்டுப் பீலியில் இரண்டு கேன்களை வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பரா ஆயம்மா நின்றார். கொழுந்துக்குப் போகிற அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. அது பாறைப் பீலிக்குப் பத்தடி தள்ளி இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப் பீலிக்கு ஏற்றம்.

எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகளுக்குப் பால் கரைக்கத் தண்ணீர் என்றார். எத்தனை நாளாக என்றேன். துணி கட்டிய நாளிலிருந்தே என்றார்.  யார் உங்களை இந்தத் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னது, பக்கத்தில் பீலி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள், அறிவு வேண்டாமா என்று கத்தினேன். என் அம்மா வயது அவருக்கு. கேனைப் பிடுங்கித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். அவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானே மிஸ் காப்புக் கட்டுனீங்க. செருப்பக் கழட்டி வச்சிட்டு, மூணு தரம் தண்ணி வார்த்துட்டுத்தானே எடுத்தீங்க. நல்ல தண்ணின்னு பாத்துத்தானே கட்டியிருப்பீங்க."

ஈரக் கல் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றினேன். போத்தலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி ஊற்றிய பிறகுதான் நிரப்ப வேண்டும் என்பது ஆய்வுகூடத்து விதி. என்னைப் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது பூசை. தோட்டத்தில் முதல் முதல் கேம்பஸ் போன பிள்ளை, தண்ணீரைப் பற்றிப் படிக்கிற பிள்ளை, செருப்பைக் கழற்றி வைத்து, மூன்று தரம் வார்த்து, மஞ்சள் துணி கட்டினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? பாறைப் பீலியில் துணி இல்லை. அது கழித்து விட்ட தண்ணீர். சந்தேகப்பட்டதில் எல்லாம் நான் காப்புக் கட்டி, ஊரிலேயே சுத்தமான தண்ணீரை வெறுமனே விட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் இந்த ஆய்வைச் செய்திருந்தால் ஏதோ ஒரு தகட்டைக் கட்டியிருப்பார், அது காணாமல் போயிருக்கும், ஒரு குழந்தைக்கும் அதனால் ஆபத்து வந்திருக்காது.

துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். ஆயம்மாவோடு பிள்ளைக் காம்பராவுக்குப் போய், பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரைக் கொட்டினேன். கரைத்து வைத்திருந்த புட்டிகளையும் கொட்டினேன். அன்றைக்கு அங்கே கைக்குழந்தைகள் ஐந்து பேர். ஒன்று என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆயம்மா பாறைப் பீலியில் புதிதாகத் தண்ணீர் பிடித்துவந்து கொதிக்க வைத்தார்.  ஒரு குழந்தையை என் கையிலிருந்து வாங்கும்போது, கொஞ்சம் அவசரமாகத்தான் வாங்கினார்.

தொழிற்சாலைப் பக்கத்து வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேராசிரியரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, பிள்ளைக் காம்பராவில் மட்டும் தண்ணீரை மாற்றச் சொல், காரணம் சொல்லாதே, இன்னும் மூன்று மாதம் என்றார். லயங்களில் புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். நீ சுகாதாரப் பரிசோதகர் இல்லை, நீ ஒரு மாணவி, அதை மறக்காதே என்றார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. காரணம் சொல்லாமல் ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றுவதைத்தான் நான் ஏழு வாரமாகச் செய்துகொண்டிருந்தேனே. அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்த கேவலத்தையே இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

மதியம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். இருபது இருபத்தைந்து பெண்கள் இருந்தார்கள். என் அம்மாவும் இருந்தார். கொழுந்தை நிறுத்து முடித்து, ரொட்டியும் சம்பலும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மேட்டுப் பீலித் தண்ணீரில் உரம் கலந்திருக்கிறது, கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம், பெரியவர்களுக்கும் நல்லதில்லை என்று சொன்னேன்.  ஒருவர், நாங்கள் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்றார். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும், கலந்தது குறையாது, இன்னும் கூடத்தான் செய்யும் என்றேன். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது ஒருத்தி எழுந்தாள். ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் இல்லை என்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளுடைய ஆறு மாதக் குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருந்தது. காலையில் என் விரலைப் பிடித்தது அவளுடையதாகக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் முடிவு வந்தது என்று சொல்லியிருந்தால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? வாய்வரைக்கும் வந்தது. ஏழு வாரம் என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. "ஏழு வாரமா ஒங்க வீட்டுல பாறைப் பீலியில புடிக்கிறாங்க. கால் வலியோட நடக்குறாங்களேன்னு ஒங்கம்மாவுக்கு நான்தான் கொடம் தூக்கிக் குடுத்தேன். எம்புள்ளைக்கு மேட்டுப் பீலித் தண்ணி."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அப்போதுதான் விஷயமே தெரிகிறது.  முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, அது வெளியே வந்தபிறகு என்ன பேச்சு இருக்கிறது? இரண்டு வாரத்துக்கு முன் அவளுடைய குழந்தையைப் பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கியது, உதடு கருத்தது. நெஞ்சில் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது தண்ணீராலா என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. சளியாகவும் இருக்கலாம். சோதனை முடிவின் பிரதியை அவள் கையில் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வாங்கிக்கொண்டு, கொழுந்துக் கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். டாக்டர்கள் பார்த்தார்கள், குழந்தை நன்றாக இருக்கிறது, இன்றைக்கு ஓடி விளையாடுகிறது. ஆனால் அந்த மூன்று நாள் எதனால் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அன்று மாலை வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை. சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன்ல" என்றார். அவ்வளவுதான். எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாத அம்மா சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்த பெண்கள் ஒருவரும் மலைக்கு ஏறவில்லை. நல்ல தண்ணீர் வராமல் கொழுந்து எடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். தோட்டத்து மேனேஜரான தொரை வந்தார், கிளாக்கர் வந்தார், நலன்புரி அதிகாரி வந்தார். தோட்டத்துப் பிள்ளையே தோட்டத்துக்கு எதிராக இப்படிச் செய்யலாமா என்று நலன்புரி அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். தோட்டம் என்றால் யார் என்று திருப்பிக் கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டினார். மத்தியானத்துக்குள் என் அனுமதி ரத்து என்று கடிதம் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து ஆபீஸிலிருந்து அவ்வளவு வேகமாக ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பெண்கள் விடவில்லை, கடைசியில் நிர்வாகம்தான் இறங்கிவந்தது. பாறைப் பீலிக்கு நன்றாக மேலே, காட்டில் தண்ணீர் ஊறும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து லயங்களுக்குக் குழாய் இழுத்தார்கள். தோட்டத்து ஸ்டோரில் குழாய் சும்மா கிடந்திருக்கிறது. வேலை முடிய எத்தனை நாள் ஆனது என்கிறீர்கள்? நாலு நாள். நாலு நாள் வேலைக்காக நான் பன்னிரண்டு மாதத் தொடரும், கழிவுத் தேயிலைக் கரியும், வடிகட்டியும் என்று அலைந்துகொண்டிருந்தேன். நல்ல பீலி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, அதிலிருந்து குழாய் போட்டால் போதும் என்பதை எந்தக் குழுவும் ஆய்வாக ஏற்காது. அதற்குப் பட்டம் கிடையாது. அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேம்பஸில் குழு கூடியது. ஒன்பது மாதத் தரவுதான் இருக்கிறது, நிபந்தனை பன்னிரண்டு, மூன்று மாதம் குறைகிறது, விளக்கம் எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனையை மீறினாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். துணியைப் பற்றியும் சொன்னேன். ஒருவர் அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வேறு தோட்டத்தில் முதலிலிருந்து தொடங்கலாம், பதிவுக் காலத்தை நீட்டிக்க முடியாது என்றார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாடங்களில் சித்தியடைந்திருந்ததால் பட்டப்பின் டிப்ளோமா என்று ஒரு தாளைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். பேராசிரியர் வாசல்வரை வந்தார். நல்ல ஆய்வாக வந்திருக்கும், பாவம் என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு தண்ணீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். முதுமாணி ஏன் முடிக்கவில்லை என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது, தேவைகளை நிறைவு செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். ஊருக்குப் போகும்போது என் பழைய தோழியைப் பார்ப்பேன். பேசுவாள். பிள்ளையைப் பற்றிச் சொல்வாள். ஆனால் முன்பு போல வாடி என்று கூப்பிடுவதில்லை, மிஸ் என்கிறாள். அந்த ஒரு வார்த்தையை அவள் வேண்டுமென்றே சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், சொல்லட்டும்.

விடுபட்ட மூன்று மாதத்துக்கு என்னிடம் பக்கம் பக்கமாக விளக்கம் வாங்கிய அத்தனை படித்தவர்களில் ஒருவர்கூட, நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஏழு வாரத்துக்கு விளக்கம் கேட்கவில்லை. கேட்டவள் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அவள் ஒருத்திதான், அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.